மிக்கி மவுஸும் குண்டுவீச்சும்: ஒசாமு தெசூக்கா படம் கீறப் பழகிய கதை



எங்கள் வானொலியில் பெற்றார் அழைப்பெடுத்துக் கதைக்கும் நேரங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. "பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் காட்டூன்தான். அது முடிய, அதில் பார்த்ததையே கொப்பி முழுக்கக் கீறிக்கொண்டு இருக்கிறான். சொந்தமாக ஒன்றும் கீறமாட்டான், எல்லாம் பார்த்துக் கீறுவதுதான். இதால் என்ன பிரயோசனம்?" இதில் இரண்டு கவலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, படிக்கிற நேரம் வீணாகிறதே என்பது. மற்றது, பார்த்துக் கீறுவது ஒரு கலையா என்பது. இந்த இரண்டு குற்றச்சாட்டுக்கும் முழுமையாகப் பொருந்திய ஒரு பிள்ளையைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். யப்பானில் பிறந்து, காட்டூன் பார்த்து வளர்ந்து, அதையே கீறிக்கொண்டு ஒரு பெரும் போரைக் கடந்து வந்தவர் அவர். பெயர் ஒசாமு தெசூக்கா.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் பலர் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பெரிய பளபளக்கும் கண்களோடும் சின்ன மூக்கோடும் ஒரு யப்பானியக் காட்டூன் பாத்திரம் ஓடித் திரிந்திருந்தால், அதன் பூட்டன் இவர்தான். 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி பிறந்தவர். 1989 பெப்ரவரி 9ஆம் திகதி, தனது அறுபதாவது வயதில் மறைந்தார். அவர் கீறிய சித்திரக்கதைகள் ஏறத்தாழ 700 தலைப்புகள், 150,000 பக்கங்கள் என்று கணக்கிடுகிறார்கள். உதவியாளர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட, ஒரு மனிதனுடைய வாழ்நாளுக்கு இது நம்பமுடியாத கணக்கு.

ஒசாகா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள தக்கராசூக்கா என்ற ஊரில் அவர் வளர்ந்தார். தகப்பனுக்குப் புகைப்படத்திலும் சினிமாவிலும் பைத்தியம். அந்தக் காலத்தில் பணமுள்ள வீடுகளில்கூட அபூர்வமாக இருந்த பத்தே பேபி என்ற சின்னப் படமோட்டும் இயந்திரத்தை அவர் வாங்கி வைத்திருந்தார். ஒன்பதரை மில்லிமீற்றர் அகலமான பிலிமைக் கையால் சுழற்றி ஓட்டும் இயந்திரம் அது. மிக்கி மவுஸ், பொப்பாய், சார்லி சப்ளின் என்று அமெரிக்கப் படங்களின் சின்னச் சின்னச் சுருள்கள் அந்த வீட்டுச் சுவரில் ஓடின. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கையால் சுழற்றும் இயந்திரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. மெதுவாகச் சுழற்றினால் எலியின் ஓட்டமும் மெதுவாகும். பிலிமைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஓடுகிற எலி என்பது உண்மையில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான நிறையப் படங்கள் என்பது தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு இந்த இரகசியத்தை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அது கையிலேயே இருந்தது.

தாயார் இன்னொரு வகை. சித்திரக்கதைப் புத்தகங்கள் பள்ளிப்படிப்பைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் நினைத்த காலத்தில், அவர் அவற்றை வாங்கிக்கொடுத்தது மட்டுமல்லாமல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றி மாற்றி வாசித்தும் காட்டினார். தக்கராசூக்காவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற இசைநாடகக் குழு ஒன்று உண்டு. ஆண் வேடமும் பெண்களே போடுவார்கள். அந்த நாடகங்களுக்கும் தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். மேடை வெளிச்சத்தில் மின்னும் அந்த நடிகைகளின் கண்களையும் அமெரிக்கக் காட்டூன்களின் பெரிய கண்களையும் சேர்த்துத்தான் தெசூக்காவின் பாத்திரங்களுக்குக் கண் கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. யப்பானியர்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய கண் கீறுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. உடம்பு சிறியது, கண்ணாடி போட்டவர், சுருண்டு எழும்பி நிற்கும் தலைமயிர். மற்றப் பிள்ளைகளின் கேலிக்கும் அடிக்கும் ஆளானார். அவருக்கிருந்த ஒரேயொரு ஆயுதம் பென்சில். அக்காலத்தில் யப்பான் முழுவதும் பிரபலமாக இருந்த நொராக்குரோ என்ற கறுப்பு நாய்ப் பாத்திரத்தைப் பார்க்காமலே அப்படியே கீறுவார். வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டில் குவிந்திருந்த சித்திரக்கதைப் புத்தகங்களை வாசிக்க வரத் தொடங்கினார்கள். கேலி குறைந்தது. அவர் கொப்பியில் கீறிய கதையொன்றை ஆசிரியர் பறித்துக்கொண்டு போக, அது ஆசிரியர் அறையில் கைமாறி வாசிக்கப்பட்டதாம். அதற்குப் பிறகு அவர் கீறுவதைத் தடுக்க அங்கே ஆள் இருக்கவில்லை.

சரி, பார்த்துக் கீறுவதில் பிள்ளை எதைப் படிக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் முறைப்பாடு செய்யும் பெற்றாருக்கு இந்த இடம்தான் முக்கியம்.

1920களிலும் 30களிலும் வந்த அமெரிக்கக் காட்டூன் பாத்திரங்களை உற்றுப் பாருங்கள். தலை ஒரு வட்டம், உடம்பு ஒரு வட்டம், கையும் காலும் மூட்டே இல்லாத இறப்பர்க் குழாய் மாதிரி. இது கற்பனைக் குறைவால் வந்ததல்ல. ஒரு காட்டூன் படத்துக்கு ஆயிரக்கணக்கான படங்கள் தேவை. பல பேர் மேசை போட்டிருந்து ஒரே பாத்திரத்தைக் கீறவேண்டும். யார் கீறினாலும் எலி அதே எலியாக இருக்கவேண்டும் என்றால், எல்லோராலும் ஒரே மாதிரிக் கீறக்கூடிய வடிவம் வேண்டும். வட்டம் அதற்கு வசதி. எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம் வட்டம்தான். ஆக, பிள்ளை மிக்கி மவுஸைப் பார்த்துக் கீறும்போது, ஒரு பெரிய தொழிற்சாலையின் சுருக்கெழுத்தைப் பழகுகிறது. வட்டத்தை முதலில் போட்டு, அதன் நடுவே கண்ணுக்கு ஒரு கோடு, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு இன்னொரு கோடு. பிறகுதான் மூக்கும் வாயும். இந்த வரிசை கைக்குள் வந்துவிட்டால், இதுவரை யாருமே கீறாத ஒரு முகத்தையும் அதே வழியில் கட்டலாம்.

இன்னொன்று மிக்கியின் காது. மிக்கி முன்னுக்குப் பார்த்தாலும் பக்கவாட்டில் திரும்பினாலும் அதன் இரண்டு காதுகளும் முழு வட்டங்களாகவே தெரியும். உண்மையான எலிக்கு அப்படி நடக்காது. ஆனால் தூரத்திலிருந்து நிழலாகப் பார்த்தாலும் "இது மிக்கி" என்று உடனே தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த தந்திரம் அது. பிற்காலத்தில் தெசூக்கா உலகத்துக்குக் கொடுத்த ரோபோச் சிறுவன் அஸ்ட்ரோ போயின் தலையில் இரண்டு கொம்பு மாதிரி மயிர் நிற்கும். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டும் தெரியும். மிக்கியின் காதிலிருந்து எடுத்த யோசனை அது என்பதைத் தெசூக்கா மறைக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் எழும்பி நிற்கும் தன்னுடைய தலைமயிரும் அதில் இருக்கிறது. சிறுவயதில் கேலிக்கு ஆளான அதே மயிர்தான்.

காட்டூனோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல பிரதியாளராக முடிந்திருக்கலாம். அவருக்கு இரண்டாவது பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அது பூச்சி. தக்கராசூக்காவின் மலையடிவாரத்தில் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பிடித்து, அவற்றை மயிரிழை பிசகாமல் வண்ணத்தில் கீறி, கையெழுத்துப் புத்தகங்களாகவே தயாரித்தார். யப்பானிய மொழியில் ஒசாமுஷி என்று ஒரு தரைவண்டு இருக்கிறது. தன்னுடைய பெயரோடு அது ஒத்துப்போவதைக் கண்டு, ஒசாமு என்ற பெயரின் எழுத்தோடு பூச்சி என்று பொருள்படும் எழுத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கினார். கடைசிவரை அதுவே அவரது புனைபெயர். காட்டூனில் கால் எத்தனை வளைவு வளைந்தாலும் பரவாயில்லை. பூச்சியில் ஒரு காலின் கணு பிழைத்தால் அது வேறு பூச்சி. ஒரே கையால் இரண்டையும் பழகியதுதான் அவருடைய பலம் என்பது எங்களுடைய அபிப்பிராயம்.

1941 டிசம்பரில் யப்பான் அமெரிக்காவோடு போரில் இறங்கியது. அமெரிக்கப் படங்கள் தடைசெய்யப்பட்டன. அந்தக் காலத்தில் அவர் பார்த்து மயங்கிய படங்களில் ஒன்று சீனாவின் வான் சகோதரர்கள் 1941இல் செய்த இரும்பு விசிறி இளவரசி. ஆசியாவில் முழுநீளமாக எடுக்கப்பட்ட முதலாவது காட்டூன் படம் அது. யப்பானியப் படைகள் சூழ்ந்திருந்த சங்காய் நகரத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. சண்டை நடக்கும் இரண்டு நாடுகளில் ஒன்றின் படத்தை மற்ற நாட்டுப் பையன் பார்த்து, நானும் இப்படி ஒன்று செய்யவேண்டும் என்று நினைக்கிறான். பல பத்தாண்டுகள் கழித்து, 1980களில், தெசூக்கா சங்காய்க்குப் போய் அந்தச் சகோதரர்களில் மூத்தவரான வான் லைமிங்கை நேரில் சந்தித்தார்.

போர் முற்றியபோது பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். தெசூக்காவும் ஒசாகாவில் இராணுவத் தேவைக்கான தொழிற்சாலையொன்றில் வேலைசெய்தார். சித்திரக்கதை கீறுவது தேசத்துரோகம் மாதிரிப் பார்க்கப்பட்ட நேரம் அது. அவரோ இரகசியமாகக் கீறி, அந்தத் தாள்களைத் தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிவைப்பார். அங்கே போகிறவர்கள் இருந்து வாசிப்பார்கள். அதுதான் அவருடைய முதலாவது வாசகர் வட்டம்.

1945 ஏப்பிரலில், குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்துபோன ஒசாகாவில், தப்பி நின்ற ஒரு திரையரங்கில் மொமொத்தாரோ என்ற முழுநீளக் காட்டூன் படத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போது வயது பதினாறு. கடற்படையின் பணத்தில் எடுத்த பிரசாரப் படம் அது, அதில் சந்தேகமில்லை. பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பிவிட்டிருந்தபடியால் அரங்கு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. யாருக்காக எடுத்தார்களோ அந்தப் பிள்ளைகள் அங்கே இல்லை. படத்தின் போர்க்காட்சிகளை விட, மிருகங்கள் கூடியிருந்து பாட்டாக எழுத்துப் படிக்கும் காட்சி போன்ற மென்மையான இடங்களே அவரைத் தொட்டன. இருட்டிலிருந்து அழுதார். என்றாவது ஒருநாள் தானும் இப்படி ஒரு படம் செய்வதென்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

அதே வருடம் ஜூன் மாதம் 7ஆம் திகதி ஒசாகாவின் மீது பெரும் விமானத் தாக்குதல் நடந்தது. தெசூக்கா தொழிற்சாலையின் காவற் கோபுரத்தில் கடமையில் இருந்தார். எரிகுண்டுகள் அவரைச் சுற்றி விழுந்தன. எப்படியோ உயிர்தப்பினார். யொடோ ஆற்றங்கரையில் செத்துக் கிடந்த மனிதர்களையும் கால்நடைகளையும் பார்த்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. வீட்டில் அடைந்திருந்து படம் கீறினார். ஓகஸ்ட் 15ஆம் திகதி போர் முடிந்தது. இருட்டடிப்பு நீங்கி ஒசாகாவில் திரும்பவும் மின்வெளிச்சம் எரிந்ததைப் பார்த்தபோது தோன்றிய எண்ணத்தைப் பின்னாளில் அவர் பல தடவை எழுதியிருக்கிறார்: உயிரோடு இருக்கிறேன், இனிமேல் விரும்பியபடி கீறலாம். 1974இல் இந்த அனுபவங்களைக் காகிதக் கோட்டை என்ற பொருள்தரும் தலைப்பில் ஒரு சித்திரக்கதையாகவே கீறினார்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களில் பலருக்கு அந்தக் காவற் கோபுரமும் ஆற்றங்கரையும் புதிதாக இராது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் பிள்ளைகளும் கொப்பியின் பின்பக்கத்தில் ஹெலிகொப்டரும் பொம்பரும் பங்கரும் கீறியவர்கள்தான். தெசூக்காவின் கதையில் எங்களை நிற்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அவர் நேசித்த மிக்கி மவுஸ் வந்த நாட்டிலிருந்துதான் அந்த விமானங்களும் வந்தன. தலைக்கு மேலே அமெரிக்கக் குண்டு, கையிலே அமெரிக்கக் காட்டூனில் பழகிய வட்டம். அவர் அந்த வட்டத்தைக் கைவிடவில்லை. குண்டை மறக்கவுமில்லை. அவருடைய கதைகளில் அன்பான, உருண்டையான, சிரிக்கும் பாத்திரங்கள் திடீரென்று செத்துப்போகும். அமெரிக்கக் காட்டூனில் மலையிலிருந்து விழுந்தாலும் பாத்திரம் எழும்பி நடக்கும். தெசூக்காவிடம் விழுந்தால் இரத்தம் வரும். காட்டூன் உடம்புக்கு மரணத்தைக் கொண்டுவந்தது அவருடைய பெரிய மாற்றம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி எங்கள் வீடுகளில் மிகவும் பரிச்சயமான ஒரு விஷயத்துக்கு வருவோம்: டொக்டர் படிப்பு. பதின்ம வயதில் ஒரு பயிற்சி முகாமில் தெசூக்காவின் கைகளில் கடுமையான தோல்நோய் பிடித்தது. கைகளை இழக்கும் ஆபத்திலிருந்து வைத்தியர் ஒருவர் காப்பாற்றினார். அந்த நன்றியில் தானும் வைத்தியராக வேண்டும் என்று 1945இல் ஒசாகாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படிக்கும்போதே 1946 ஜனவரியில் சிறுவர் பத்திரிகையில் நான்கு கட்டச் சித்திரத் தொடரொன்று வெளிவந்தது. அவருடைய விரிவுரைக் கொப்பிகளில் எலும்பும் நரம்பும் ஒருபுறம், காட்டூன் பாத்திரங்கள் மறுபுறம். எந்தப் பாதையில் போவதென்று குழம்பியபோது தாயாரிடம் கேட்டார். தாயார், உனக்கு எதில் விருப்பம் என்று திருப்பிக் கேட்டார். சித்திரக்கதை என்றார் மகன். அப்படியென்றால் டோக்கியோவுக்குப் போய் அதையே செய் என்று தாயார் சொல்லிவிட்டார். இருந்தாலும் அவர் படிப்பை விட்டுவிடவில்லை. மருத்துவப் பரீட்சையில் தேறி, வைத்திய அனுமதியும் பெற்றார். 1961இல் நத்தை இனமொன்றின் உயிரணுக்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் வாங்கினார். தொழிலாக மருத்துவம் செய்யவில்லை. அந்த அறிவு 1973இல் தொடங்கிய பிளாக் ஜாக் என்ற அனுமதியில்லாத சத்திரசிகிச்சை நிபுணரின் கதைக்குப் பயன்பட்டது. (இதைக் காட்டி, "டொக்டர் பட்டத்தையும் எடுத்துவிட்டுப் பிறகு கீறு" என்று வாதாடும் பெற்றார் இருப்பார்கள். தாயாருடைய பதிலையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.)

1947இல் வந்த புதிய புதையல் தீவு என்ற புத்தகம்தான் அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. இன்னொருவருடைய கதைத் திட்டத்தோடு தெசூக்கா கீறிய அந்தப் புத்தகம், மட்டமான தாளில் அச்சடித்து ஒசாகாவின் விளையாட்டுப்பொருட் கடைகளிலும் இனிப்புக் கடைகளிலும் விற்ற மலிவுப் பதிப்பு வகையைச் சேர்ந்தது. நான்கு இலட்சம் பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு பையன் காரை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறான். அவ்வளவுதான் சம்பவம். பழைய முறையில் என்றால் ஒரு கட்டத்தில் முடித்திருப்பார்கள், நாடக மேடையைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி. தெசூக்கா அதைப் பல கட்டங்களாகப் பிரித்தார். பையனின் முகம் கிட்டத்தில், கார் தூரத்திலிருந்து வருகிறது, பெரிதாகிறது, வளைவில் திரும்புகிறது. வாசிக்கிற பிள்ளையின் கண்ணே கமெராவாகிவிட்டது. வீட்டுச் சுவரில் ஓடிய பிலிம் இப்போது காகிதத்துக்கு வந்திருந்தது. தொயாமா மாகாணத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோன இரண்டு பள்ளி நண்பர்கள் பிறகு ஃபுஜிக்கோ ஃபுஜியோ என்ற பெயரில் சேர்ந்து எழுதினார்கள். டோக்கியோவில் தொக்கிவா என்ற மரமாடி வீட்டில் தெசூக்கா விட்டுப்போன அறைக்கே குடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் 1969 டிசம்பரில் தொடங்கிய பாத்திரம்தான் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த டோரேமோன் பூனை.

டிஸ்னி மீதான காதல் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. 1951இல் பம்பி படம் யப்பானுக்கு வந்தபோது அதை 80 தடவைக்கு மேல் பார்த்தார் என்பது பிரசித்தம். பம்பியையும் பினோக்கியோவையும் யப்பானியச் சித்திரக்கதைகளாகவே கீறினார். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் வோல்ட் டிஸ்னியை நேரில் சந்தித்தார். டிஸ்னிக்கு அஸ்ட்ரோ போயைத் தெரிந்திருந்தது அவருக்குப் பெரிய சந்தோசம். 1950இல் அவர் தொடங்கிய காட்டுச் சக்கரவர்த்தி என்ற வெள்ளைச் சிங்கக்குட்டியின் கதைக்கும், அவர் மறைந்த பிறகு 1994இல் வந்த டிஸ்னியின் லயன் கிங் படத்துக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பற்றி யப்பானிய ஓவியர்கள் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டு டிஸ்னி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார்கள். நிறுவனம் மறுத்தது. தெசூக்காவின் நிறுவனம் வழக்குப் போடவில்லை. டிஸ்னியைப் பார்த்துக் கீறப் பழகியவருடைய படைப்பைப் பற்றி இப்படியொரு விவாதம் வந்தது விசித்திரம்தான்.

பார்த்துக் கீறுவதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. அந்தக் கால அமெரிக்கக் காட்டூன்கள் ஆபிரிக்க மக்களைத் தடித்த உதடும் உருண்டைக் கண்ணுமாக இழிவாகக் காட்டின. வட்டத்தை எடுத்த கை அந்த வழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மனிதநேயத்தைப் பேசிய தெசூக்காவின் ஆரம்பகாலப் புத்தகங்களிலேயே அப்படியான படங்கள் இருக்கின்றன. இன்று வரும் பதிப்புகளில் அதைப் பற்றி வாசகருக்கு ஒரு குறிப்பு சேர்த்து அச்சிடுகிறார்கள். வெள்ளையர் நாட்டுக் காட்டூனில் எங்களைப் போன்ற நிறத்தவர்கள் எப்படிக் கீறப்பட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையோடு சேர்ந்திருந்து பார்க்கும் பெற்றார் இதைக் கவனித்திருப்பார்கள்.

1963 ஜனவரி 1ஆம் திகதி அஸ்ட்ரோ போய் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1966 இறுதிவரை 193 பாகங்கள். வாராவாரம் அரைமணி நேர நிகழ்ச்சி என்றால் என்ன பொருள்? திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடும். டிஸ்னி முறையில் ஒரு செக்கனுக்கு ஆகக்குறைந்தது 12 படங்கள் என்று வைத்தாலும், 25 நிமிடத்துக்கு 18,000 படங்கள் வேண்டும். ஒரு வாரத்தில் அது நடக்காது. தெசூக்காவும் அவரது குழுவினரும் ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினார்கள். பேசும்போது வாயை மட்டும் அசைத்தார்கள். ஓடும் கால், பறக்கும் உடம்பு போன்றவற்றைக் கீறிச் சேமித்துவைத்து, வேறு வேறு பாகங்களில் திரும்பத் திரும்பப் பாவித்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் குறை தெரியவில்லை. கதை பிடித்திருந்தது. ஆனால் நிகழ்ச்சியை மலிவு விலைக்கு விற்ற வழக்கம் அந்தத் துறையில் வேலைசெய்யும் ஓவியர்களின் குறைந்த கூலிக்கு வழிவகுத்தது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை இருக்கிறது. அவருடைய தயாரிப்பு நிறுவனமும் 1973இல் முறிந்தது.

அந்தக் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் ஹயாவோ மியாசாக்கி, ஸ்பிரிட்டட் எவே படத்துக்காக ஒஸ்கார் பெற்றவர். நான்கு வயதில் குண்டுவீச்சுக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடியவர் அவரும். இளவயதில் தான் கீறியவை எல்லாம் தெசூக்காவின் சாயலாகவே இருப்பதைக் கண்டு, அவற்றை ஒரேயடியாக எரித்துவிட்டார். எரிப்பது சுலபம், கை மறப்பது கஷ்டம். அந்தச் சாயலிலிருந்து விடுபட நீண்ட காலம் எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பார்த்துக் கீறுவதை எப்போது விடுவது என்று கேட்கும் பெற்றாருக்கு எங்களிடமுள்ள பதில் இந்தளவுதான்: அது பிள்ளைக்கே ஒருநாள் சகிக்கமுடியாமல் போகும்.

1986 ஜனவரியில் யப்பானியத் தேசிய ஒளிபரப்பு தெசூக்காவின் வேலையறையைக் காட்டும் விவரணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. அதில் அவர் சொல்லும் ஒரு விஷயம் மனதைப் பிசைகிறது. முந்தி மாதிரி வட்டம் கீற வரவில்லை என்கிறார். அஸ்ட்ரோ போயின் தலைக்கு வேண்டிய அந்த உருண்டை கைக்குள் அடங்க மறுக்கிறது. யோசனைகள் மட்டும் மலிவு விற்பனைக்குப் போடலாம் போல மிஞ்சிக் கிடக்கிறதாம். மூன்று வருடம் கழித்து வயிற்றுப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கீறிக்கொண்டேயிருந்தார். மூன்று தொடர்கதைகள் பாதியில் நின்றன.

அவருடைய பக்கங்களைப் புரட்டும் பிள்ளைகள் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். மிகவும் சோகமான இடத்தில்கூட, பன்றி மூக்கோடு ஒட்டுப்போட்ட சுரைக்காய் மாதிரி ஒரு உருவம் திடீரென்று வந்து விழும். கதைக்கும் அதற்கும் சம்பந்தமிராது. சிறுவயதில் அவருடைய தங்கை கிறுக்கிய உருவம் அது. அதை அவர் ஐம்பது வருடம் தன்னோடு கொண்டுதிரிந்தார்.

பெற்றாருக்கு ஒரு குறிப்பு. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் அவருடைய புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்ட்ரோ போயில் தொடங்கலாம். புத்தர் வரலாற்றை எட்டுத் தொகுதிகளில் சொல்லும் புத்தா பதின்ம வயதினருக்கு. பிளாக் ஜாக்கில் சத்திரசிகிச்சைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும், பெரியவர்கள் முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. ஹிட்லர் காலத்துக் கதையான அடோல்ஃப் வளர்ந்தவர்களுக்கு மட்டும்.

வாய்ப்புக் கிடைத்தால் 1987இல் அவர் செய்த காட்டின் கதை என்ற பொருள்தரும் குறும்படத்தைக் குடும்பமாக இருந்து பாருங்கள். பேச்சு இல்லை, சைக்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி மட்டும் பின்னால் ஓடும், ஆகவே மொழிப் பிரச்சினை இல்லை. காட்டை வெட்ட வருபவர்களுக்கும் காட்டு உயிர்களுக்கும் இடையிலான சண்டைதான் கதை. அசையாத படங்களில் தொடங்கி, அவர் சிறுவயதில் சுவரில் பார்த்த இறப்பர்க் கால் காட்டூன்கள், டிஸ்னியின் வண்ணப் படங்கள் என்று காட்டூனின் வரலாறு முழுவதையும் அந்தந்தப் பாணியிலேயே கீறிக் காட்டியிருப்பார். கடைசியில் காட்டை அழிக்க வருபவர்கள் எந்தப் பாணியில் வருகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வாய் மட்டும் அசையும் மலிவுத் தொலைக்காட்சிப் பாணி, அவரே தொடக்கிவைத்தது.